ஆறு நாள், நாலு ஊர், ஒரு தரை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா சொல்லி எழுதுவது. என் முட்டி இரண்டும் நீங்கலாக இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டைல்ஸ் பதிக்கும்போது அதன் விளிம்பு வலது கட்டைவிரலைக் கிழித்து நாலு தையல் போட்டிருக்கிறது, பயப்படாதே, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை வாலு எழுதுகிறாள். (அக்கா, நான்தான். அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதெல்லாம் அம்மா, உள்ளே அடைபட்டிருப்பது நான். சேட்டைக்காரியை இப்படி உள்ளே வைப்பதுதான் நல்லது என்று அப்பா அபிப்பிராயப்படுகிறார்.) போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், ஒன்றும் மண்டையில் ஏறாது. தாளில் இருந்தால் திரும்பப் படிப்பாய்.

நீ அனுப்பிய இத்தாலித் திட்டம் வந்து சேர்ந்தது, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு நடை இத்தாலி போய்த் திரும்புகிறேன். மே மாதம், ஆறு நாள், ரோமில் இரண்டு, பிளாரன்ஸில் இரண்டு, வெனிஸில் இரண்டு. நீ அந்தப் பக்கத்திலிருந்து, நாங்கள் மூவரும் இந்தப் பக்கத்திலிருந்து, ரோமில் ஒன்றுசேர்ந்து வெனிஸில் பிரிவது. மூன்று வருஷமாக உன்னை உள்ளங்கை அளவுத் திரையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முழு உயரத்தில் பார்க்கப் போகிறேன் என்பதே இன்னும் நம்பக் கூடியதாக இல்லை. அப்பாவுக்கு வெனிஸ் போதும். இத்தனை வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவருக்கு ரோடே இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது என்றதும் வாய் மூடவில்லை, "பிரேக்கே இல்லாத வண்டியில எப்படி நிறுத்துவான்?" என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்கிறார். (அங்கே படகில் ஏறுவதற்கு முன் துடுப்புப் பரீட்சை உண்டு என்று நான் சொல்லிவைத்தேன். சோபாவில் உட்கார்ந்து துடைப்பத்தால் தினமும் பத்து நிமிடம் வலிக்கிறார். வலதுபக்கம் நன்றாகத் தேறிவிட்டார். தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடாதே.)

ரோமைப் பற்றி என்ன சொல்வது, எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. (ரோம் என்றால் ரோமம் சிலிர்க்காமல் என்ன செய்யும்!) அங்கே பாந்தியன் என்று ஒரு கட்டடம், மேலே அவ்வளவு பெரிய கும்மட்டம், அதன் உச்சியில் வேண்டுமென்றே ஒரு வட்ட ஓட்டை, மழை பெய்தால் நேராக உள்ளேதான் விழும். வாலு கைபேசியில் காட்டியபோது அதில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள், நான் தரையைக் காட்டச் சொன்னேன். பார்த்தால் லேசாகச் சரித்து வாட்டம் கொடுத்திருக்கிறான், தண்ணீர் இறங்கக் கல்லிலேயே துளைகள் போட்டிருக்கிறான். போன வாரம்தான் ஒரு குளியலறையில் மூன்று தடவை பெயர்த்துப் போட்டும் தண்ணீர் மூலையிலேயே நின்று என் மானத்தை வாங்கியது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தன் எந்தக் கருவியை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தானோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. (தரைக்கு வாட்டம் நல்லது, முகத்துக்குத்தான் ஆகாது என்றேன். நடுமண்டையில் ஒரு குட்டு விழுந்தது, இடது கையால்.) இவள் பீசா கோபுரத்துக்கும் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். "மட்டம் வராத வேலையை டிக்கெட் வாங்கிப் போய் வேற பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். வாழ்க்கை முழுக்க ரசமட்டத்தின் குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் தலை சுற்றாதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிளாரன்ஸிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் சியெனா என்று ஒரு ஊர், அங்கே ஒரு பெரிய தேவாலயம். அதன் தரையைக் கைபேசியில் பார்த்ததிலிருந்து எனக்குப் பேச்சே வரவில்லை. (உண்மை. கால் மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. அப்பா வந்து கரண்ட் போயிடுச்சா என்று கேட்டார்.) தரை முழுக்கச் சித்திரம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று சலவைக்கல்லை வெட்டி வெட்டிப் பொருத்தி, குதிரைகள், போர்வீரர்கள், வருங்காலம் சொல்லும் பெண்கள் என்று ஐம்பத்தாறு சித்திரங்கள். ஒரு பெண்ணின் முந்தானை மடிப்பு காற்றில் தூக்கி நிற்கிறது, எல்லாம் கல். இதைச் செய்து முடிக்கப் பல நூறு வருஷம் ஆகியிருக்கிறதாம். ஆரம்பித்தவன் முடிந்ததைப் பார்க்கவில்லை, முடித்தவன் ஆரம்பித்தவனைப் பார்க்கவில்லை, ஆனாலும் ஒருத்தன் விட்ட கோட்டை இன்னொருத்தன் வந்து சரியாகப் பிடித்திருக்கிறான். இரண்டு கோடும் சேருகிற இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன் கண்ணு.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். மூலையில் தொடங்கி, மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்து வாசலுக்கு வருவோம். கடைசிக் கல்லைப் பதித்துவிட்டு வெளியே நின்று ஒரு பார்வை பார்க்கலாம், உள்ளே கால் வைக்க முடியாது. காய்ந்ததும் அட்டை விரித்து மூடிவிடுவோம், பெயின்டரும் தச்சரும் அதன்மேல் நடப்பார்கள், அந்த அட்டையைச் சுருட்டி எடுக்கிற அன்றைக்கு நான் வேறொரு வீட்டில் மண்டியிட்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் போட்ட ஒரு தரையைக்கூட அட்டை எடுத்த பிறகு பார்த்ததில்லை. சியெனாக்காரர்களும் அப்படித்தானாம், ஜனம் நடந்து தேய்ந்துவிடக் கூடாது என்று பெரும்பகுதியை மூடியே வைத்து, வருஷத்தில் சில மாதங்கள்தான் திறப்பார்களாம். வாலு தேடிப் பார்த்துச் சொன்னாள், செப்டம்பரில் திறந்திருக்கும், மே மாதத்தில் மூடியிருக்கும்.

உடனே நீ பதறாதே. ஆஸ்பத்திரியில் மே, செப்டம்பர் இரண்டில் ஒரு மாதம்தான் லீவு தருவார்கள் என்றும், மே மாதத்தை வாங்க உன் பெரிய நர்ஸம்மா பின்னாலேயே நீ அலைந்தாய் என்றும் எழுதியிருந்தாய். அதை மாற்ற வேண்டாம். டிசம்பரில் எனக்கு முட்டி ஆபரேஷன், அதற்கப்புறம் "மண்டி போடுற பேச்சே இருக்கக் கூடாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார், அத்தோடு என் வேலையும் வருமானமும் நின்றுவிடும், அதனால் அடுத்த வருஷம் போகலாம் என்றெல்லாம் நான் கணக்குப் போடவில்லை. நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எனக்குப் போதும். பிளாரன்ஸில் ஒரு நாளைக் குறைத்து சியெனாவுக்குக் கொடு, அவ்வளவுதான் கேட்கிறேன். மூடியிருந்தால் என்ன, அடியில் அது இருக்கும், மேலே நான் நிற்பேன். மூடின தரைமேல் நிற்பது எனக்குப் புதிதா? விடுதி எடுக்கும்போது கீழ்த்தளமாகப் பார். புதுச் செருப்பை அங்கே வந்து போட்டுப் பழகாதே, இப்போதே போட்டு நட. பாஸ்போர்ட்டை ஒரு பிரதி எடுத்துப் பையின் அடியில் தனியாக வை. நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும், உன் கையால் மருந்து வாங்குகிறவர்களும் குணமாகி வீடு போக வேண்டும். இதைப் படித்ததும் மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு, இடது கையால் கோணலாகக் கையெழுத்திடும் உன் அம்மா.

(அம்மா விரல் கட்டைப் பிரித்து மருந்து போட உள்ளே போயிருக்கிறாள், உறையை ஒட்டும் வேலை என்னுடையது. அக்கா, செப்டம்பருக்கு மாற்று. நர்ஸம்மா காலில் விழுந்தாவது மாற்று. மூடின தரைமேல் நிற்பது "எனக்குப் புதிதா?" என்று சொன்னபோது அம்மா சிரித்தாள், எனக்கே சிரிப்பு வரவில்லை என்றால் பார்த்துக்கொள். ஒரு சின்ன விஷயம், செப்டம்பர் முழுக்க எனக்குப் பரீட்சை, தள்ளிப்போட முடியுமா என்று பள்ளியில் கேட்டுவிட்டேன், முடியாதாம். அம்மாவுக்கு இது தெரிந்தால் மே மாதத்தை விட்டு அசைய மாட்டாள், அதனால் நீ முதலில் டிக்கெட்டை மாற்று, பிறகு நான் பரீட்சை அட்டவணையை அப்போதுதான் பார்த்ததுபோல மயங்கி விழுவேன், அதெல்லாம் நமக்குக் கைவந்த கலை. நீங்கள் மூவரும் போய் வாருங்கள், நான் சித்தி வீட்டில் இருந்துகொள்கிறேன், சித்தியின் நிலைமைதான் பாவம். எனக்காக ஒரு வேலை செய். அங்கே எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ அம்மா முகத்தைப் பார், பார்த்ததை ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. தரையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாலும் ஓரத்தில் அவள் மண்டி போடுவாள், எனக்குத் தெரியும். முட்டியை நினைத்துக்கொண்டு அப்பா தூக்கிவிட ஓடுவார். அவர் சட்டையைப் பிடித்து இழு. அவளாக எழுந்திருக்கட்டும்.)