ரிப் துணியில் தைத்த கருப்பை

இன்று காலை பயிற்சி அறையில் மூட்டையைப் பிரித்ததும் புதுச் சாயம் ஏறிய ரிப் துணியின் வாடை. பனியனுக்குக் கழுத்துப்பட்டி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள். என் மருத்துவ மாணவர்கள் பக்கத்தில் நின்றார்கள். என் நினைவெல்லாம் உன்னிடம் போய்விட்டது.

நாம் இறுதியாண்டு படித்தபோது, பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கைக் கையால் அழுத்தி நிறுத்தப் பழகுவதற்கு ஒரே ஒரு பொம்மைதான் இருந்தது. கிழிந்துவிடுமென்று அதையும் பூட்டி வைத்திருந்தார்கள். நெல்லையிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் உன்னுடையது. லீவில் அம்மாவோடு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தவள் நீ. ரிப் துணியை இரண்டடுக்காகத் தைத்து ஒரு கருப்பை செய்தாய். உள்ளே பழைய டிரிப் குழாயில் சிவப்புத் தண்ணீர். சரியாக அழுத்தினால்தான் சொட்டு நிற்கும்.

மூன்றே நிமிடத்தில் நான் கையை எடுத்துவிட்டேன். தரையெல்லாம் சிவப்பு.

"ஏட்டி, உனக்குக் கை வலிக்குன்னா அவளுக்கு ரத்தம் நிக்குன்னு அர்த்தம். விட்ராத" என்று சொல்லி மறுபடி தண்ணீர் நிரப்பினாய்.

டெங்கு உன்னைக் கொண்டுபோன நான்காம் மாதம், வெள்ளகோவில் பக்கம் நான் பணியிலிருந்த சிறிய சுகாதார நிலையத்தில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. ஊசிகளுக்கும் கருப்பை இறுகவில்லை. ஒரு கை உள்ளே முஷ்டியாக, மறு கை வயிற்றின்மேல் அழுத்தியபடி, ஆம்புலன்ஸில் அவளோடு திருப்பூருக்குப் புறப்பட்டேன்.

காங்கயம் வருமுன்பே தோள் மரத்துவிட்டது. வண்டி குலுங்கும்போதெல்லாம் மணிக்கட்டில் சூடாக வழிந்தது. நர்ஸ் அக்கா சொல்லிக்கொண்டு வந்த நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது. மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கேட்டார். அந்த ஒரு நொடி இடைவெளிக்குப் பயந்து வேண்டாமென்றேன்.

அவள் கண்விழித்து, "நான் பொழச்சுக்குவனுங்களா?" என்றாள்.

தைரியம் சொல்ல வாயெடுத்தேன். தெரியாததைச் சொல்லாதே என்று வார்டில் நீ என்னோடு சண்டை பிடித்தது ஞாபகம் வந்தது.

"கையை எடுக்க மாட்டனுங்க," என்றேன்.

அறுவை அரங்கின் வாசலில் வேறொரு மருத்துவரின் கைகள் வந்து வாங்கிக்கொண்டன. அவள் பிழைத்தாள். மடங்கிப்போன என் விரல்களை நர்ஸ் அக்கா ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார். வலிக்கிறது என்று உன்னிடம் சொல்லத் தோன்றியது.

குணமாகிவிடும் என்று இன்றுவரை நான் யாரிடமும் சொல்வதில்லை. செய்ய முடிந்ததை மட்டும் சொல்கிறேன். அதைச் செய்து முடிக்கும்வரை நகர்வதில்லை.