காளான் அறையின் காற்று

8 ஜனவரி 1991, செவ்வாய்

என் வீட்டுக்காரர் இருந்த அறையில் இன்று இருபது காளான் பைகள் தொங்குகின்றன. வேகவைத்து ஆறிய வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் விதை ஓர் அடுக்கு. பாலித்தீன் பையில் நிரப்பியது வேலைக்கு வரும் இருளம்மாள். அளந்து கொடுத்தது நான். "ஐயா இருந்த ரூமுல வைக்கோலாம்மா?" என்றாள். அவர் போனதிலிருந்து ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வேறு எதற்கு?

சுவரில் காற்றின் ஈரம் காட்டும் அவருடைய இரட்டை வெப்பமானி. நூல் அறாமலிருக்க மில்லுக்குள் காற்றை ஈரப்படுத்தும் பிளாண்டை இருபத்தெட்டு வருஷம் பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்தது. காலை பத்து மணி: உலர் குமிழ் 27, ஈரக் குமிழ் 25. பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கவிட்டு எழுதினேன்.

11 ஜனவரி

மேல் ஜன்னல்கள் இரண்டுக்கும் பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். கதவடியில் ஈரச்சாக்கு. துளி ஈரமும் வெளியே போகக் கூடாது.

13 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நாத்தனார் ரத்தினம், எல்லார் காதிலும் விழும்படி: "எழுவது வயசுல எங்க மதினி நாய்க்குடை வளக்காவ. தின்னவிய பொழைச்சா எனக்கும் சொல்லி விடுங்க."

சிரித்தார்கள். எனக்கு அறுபத்தெட்டுதான். தவக்காலத்தில் ஏழு வெள்ளிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கான்வென்ட் விடுதிக்கு என் காளான்தான் போகிறது என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டாமோ? முதல் வெள்ளி சரியாக வந்தால்தான் மற்ற ஆறும் என்று விடுதி மதர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

22 ஜனவரி

இரண்டாவது தடவையாக நாற்பது பைகள் கட்டியாயிற்று. முதல் இருபதும் தயிர் உறைந்தது போல வெளுத்துவிட்டன. முளை வெளியே வரப் பிளேடால் பைகளைக் கீறிவிட்டேன். உட்கார முடியவில்லை. காலையில் மட்டும் ஒன்பது தடவை அறைக்குப் போயிருக்கிறேன்.

29 ஜனவரி

காளானா இது? காம்பு விரல் நீளம், குடை மிளகு அளவு.

"எங்க மாரியாத்தாளுக்கு இருட்டுல வச்சு வளப்பமே மொளப்பாரி, அது மாதிரில்லாம்மா நீட்டிக்கிட்டு நிக்கி" என்றாள் இருளம்மாள். அம்புட்டையும் பறித்துக் குழியில் கொட்டச் சொன்னேன். தண்ணீர் போதவில்லை. இனி நாளைக்கு நான்கு முறை.

2 பிப்ரவரி

மறுபடி முளைத்ததும் அப்படியே. இன்னும் மோசம். அளவெல்லாம் சரியாக இருக்கிறது — பிறகு எங்கே பிசகு?

இருளம்மாள் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டே வெளியே வந்தாள். "செத்த நேரம் நின்னாலே நெஞ்ச அடைக்கி. குருசாமி அண்ணன ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லட்டா? ஐயாகிட்ட பிட்டரா இருந்தவருதான?"

அந்தப் பெயரை இந்த வீட்டில் எடுக்காதே என்றேன். 83 ஸ்டிரைக்கின்போது மில் வாசலில் மைக் பிடித்து, "காத்த நிப்பாட்டுன கங்காணி" என்று அவரைப் பார்த்துக் கத்தியவன். கரண்ட் செலவைக் குறைக்க இரண்டு பெரிய மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னது முதலாளி. நிறுத்தியது அவர். அதற்கு அவர் என்ன செய்வார்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

5 பிப்ரவரி

மதரிடமிருந்து கார்டு. "15ஆம் தேதி முதல் வெள்ளி. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்." எண்பது பிள்ளைகள். நாற்பது பைகளும் வெளுத்து நிற்கின்றன. இந்த வாரம் முளைவிடும். அதுவும் மொளப்பாரியாய் நீண்டால் நான் எந்த முகத்தோடு...

ரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

6 பிப்ரவரி

அவனிடமே போனேன். அய்யனார் கோவில் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ட்யூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்தான். "வாங்கம்மா." ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காளானை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சன்னல் எத்தன?"

"இரண்டு. காகிதம் ஒட்டியிருக்கிறேன்."

"ஈரம் எம்புட்டு இருந்தாலும் காத்து மாறணும்லா? உள்ள கெடக்குறது மூச்சுக்குத் தவிக்கி. அதான் கழுத்த நீட்டுது." காளானை என் கையில் கொடுத்தபடி, "அன்னைக்கும் மில்லு வாசல்ல இதத்தாம்மா சொன்னேன்."

உடனே திரும்பி வந்துவிட நினைத்தேன். மன்னிப்புக் கேட்பான் என்றா எதிர்பார்த்தேன்? கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நாளைக்குக் காலையில வாரேன்" என்றான்.

7 பிப்ரவரி

உளியோடு வந்தான். தரையோரம் இரண்டு செங்கல்லைப் பெயர்த்தான். அவர் கட்டிய சுவர். ஒவ்வொரு அடிக்கும் எனக்குப் பல் கூசியது. அந்த ஓட்டைக்குக் கொசுவலை, அதன் மேல் ஈரச்சாக்கு. மேல் ஜன்னல் ஒன்றின் காகிதத்தைக் கிழித்துப் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினான். "கீழ வரணும், மேல போவணும். மணிக்கு அஞ்சு நிமிசம் ஓடுனாப் போதும்."

ஃபேன் சுற்றியதும் சாக்கு உள்பக்கமாக அசைந்தது. அந்த அறையில் நின்று மூச்சை இழுத்துவிட்டேன். ஒரு மாதமாக எப்படி நின்றேன்?

மில்லில் நின்றவர்கள் எட்டு மணி நேரம் நின்றார்கள்.

12 பிப்ரவரி

முளைத்திருக்கின்றன. குட்டைக் காம்பு. குடை விரிகிறது. இருளம்மாள் தொட்டுப் பார்க்கப் போனாள், திட்டினேன்.

15 பிப்ரவரி, வெள்ளி

காலை எட்டு மணி பஸ்ஸில் நான்கு கூடைகளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மதர் ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "அடுத்த வெள்ளியும் இதே அளவு" என்றார். போதும்.

திரும்பும் வழியெல்லாம் பத்து மணிக் கணக்கு விட்டுப்போயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குப் போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் என் வரிகளுக்குக் கீழே, கோட்டில் நிற்காத பென்சில் எழுத்தில்: "10 மணி. 27, 25. கு."

அரை டிகிரியைக் கணக்கில் விட்டிருப்பார் குருசாமி. அழிரப்பரை எடுத்தேன், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்த வெள்ளியும் நான் ஊரில் இருக்கமாட்டேன், பத்து மணிக்கு அவர்தான் பார்க்க வேண்டும் என்று இருளம்மாளிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன். அறைச் சாவியும் அவளிடமே கொடுத்தனுப்பினேன்.