தோய்க்காத அப்பம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. பக்கத்து அறைப் பிரதருக்கும் வேண்டாம், அதிபர் சாமியாருக்கும் வேண்டாம். படித்தவுடன் கிழித்துவிடு. நான் எழுதினேன் என்று தெரிந்தால் அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார். எல்லாரும் படுத்த பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது, திட்டாதே.

ஆண்டவர் கிருபையால் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். குருப்பட்டத்துக்கு முந்தைய தியானத்தில் போன் கிடையாது, கடிதம் மட்டும் தருவார்கள் என்று சொல்லியிருந்தாய். சரியாகச் சாப்பிடு. இங்கே அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ குருவாகி முதலில் வைக்கும் புதுப் பூசைக்குக் கட்டப் புடவை எடுத்துவிட்டு, தினமும் பிரித்துப் பார்த்து மடித்து வைக்கிறாள். பட்டம் வாங்கிய பிறகு உன்னை நீ வா போ என்று பேசக் கூடாதாம். அதற்குள் ஆசை தீர நீ என்றே எழுதிக்கொள்கிறேன்.

போன வாரம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் வந்திருக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் பயணம் பண்ண முடியாது என்று இருந்ததே, அது பொய் அண்ணா. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நேற்றுகூட ரிப்பேர் பார்த்த ஒரு ஃப்ரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டு வந்தார். நீ வேறு மாதிரி நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அவர் மறுபடி குடிக்கவில்லை. சத்தியமாக இல்லை. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் ஒழுங்காகப் போகிறார். கோயிலுக்குப் பின்னால் மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில், எங்கள் குட்டி பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, குடியை விட்டவர்கள் எல்லாரும் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயைத் திறக்காமல் கேட்பார்கள். நடத்துவது விசில் சிஸ்டர்தான். பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், இப்போதும் யாராவது குறுக்கே பேசினால் விசிலை எடுத்துவிடுவாராம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு, குடிக்கத் தோன்றினால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அப்பாவுக்குத் துணை தையற்காரர். எல்லாரும் கத்தரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். தான் குடித்த காலத்தில் தைத்த சட்டைக்கெல்லாம் ஒரு கை நீளம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

விஷயம் என்னவென்றால், உன் கடிதம்தான். புதுப் பூசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் கையால் அப்பத்தைத் திராட்சை இரசத்தில் தோய்த்துக் கொடுப்பேன், நம் வீட்டைக் கெடுத்தது எதுவோ அதையே ஆண்டவர் மீட்பாக்கிவிட்டார் என்பதற்கு அதுவே அடையாளம், அப்பா, நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே. நான் அதைச் சத்தமாக வாசித்தபோது அப்பா அழுதார். சந்தோஷம் என்று நினைத்தோம். அப்புறம் கீழே பட்டறைக்குப் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டார். மறுநாள் முழங்கால் வலி வந்துவிட்டது. வலி பொய்னு அவனுக்கு யாராவது எழுதினா நான் மனுஷனா இருக்க மாட்டேன்னு எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார்.

இன்று சாயங்காலம் கத்தரி மாமா பட்டறைக்கு வந்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். தப்புத்தான். அப்பா சொன்னார், “அந்த ஒயின் ஆண்டவரோட ரத்தம்னு நம்புறேன்டா. ஆனா மூக்கு நம்ப மாட்டேங்குது. பூசையில முன் பெஞ்சுல உக்காந்தா பாத்திரத்துல ஊத்துற வாசனைக்கே நாக்கு ஊறுது. பெத்த பிள்ளை மன்னிப்பைக் கையில ஏந்திக்கிட்டு நிக்கும்போது வேணாம்னு எப்படி வாயை மூடுவேன்?” கத்தரி மாமா, “அப்பம் மட்டும் போதும், அதுலயே ஆண்டவர் முழுசா இருக்கார்னு சிஸ்டர் சொல்லலையா? பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்” என்றார். அதற்கு அப்பா, அவன் ஆசையில் மண் அள்ளிப் போடமாட்டேன், வேறு வழி இருக்கிறது என்று சொன்னார். அந்த வழிதான் அண்ணா என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிறது. மாதக் கடைசி ஞாயிறு இங்கே பங்குச் சாமியாரிடம் தோய்த்து வாங்கிப் பார்ப்பாராம். ஒன்றும் ஆகாவிட்டால் உன் பூசைக்கு வருவாராம். கத்தரி மாமாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “ஓட்டிப் பாக்க இது என்ன புது ஸ்கூட்டராடா? ஒரு சொட்டுல நான் எங்க போய் விழுந்தேன்னு உனக்குத் தெரியும்ல?” என்று கத்தினார். “நீ விழுந்தா நானும் விழுவேனா? போடா, போய் உன் காஜா பட்டனைப் பாரு” என்றார் அப்பா. மாமா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். இதுவரை அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அப்பா சாப்பிட வரவில்லை.

அண்ணா, நீ வீட்டைவிட்டுப் போனபோது நான் சின்னப் பெண், ஆனால் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அம்மா கதவுக்குக் குறுக்கே அலமாரியைத் தள்ளி வைப்பாளே, அதுகூட. எனக்கு அது மறுபடி வேண்டாம். அதனால் இதை மட்டும் செய். அந்த ஞாயிறுக்குள் அப்பா பெயருக்கே ஒரு கடிதம் போடு. கூட்டம் அதிகம், தோய்த்துக் கொடுத்தால் நேரமாகும், அதனால் எல்லாருக்கும் வெறும் அப்பம்தான் என்று எழுது. எல்லாருக்கும் என்பதை மறக்காதே, அவருக்கு மட்டும் என்றால் புரிந்துகொள்வார். நீ எதுவும் அறிந்ததாகவே காட்டாதே. உனக்கு அந்த அடையாளம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ மன்னித்ததை அவர் வாயால் வாங்க வேண்டியதில்லையே, நீ கட்டிப்பிடித்தாலே போதும். நான் சிறியவள், குருவாகப்போகிறவருக்குப் புத்தி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக என்று அம்மா கடிதங்களில் எழுதச் சொல்வாள். நான் எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்காகவும் செபித்துக்கொள். பதில் போடும்போது என் பெயரை மட்டும்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். “பாப்பா, முழிச்சிருக்கியா? கத்தரி மாமாவுக்குப் போன் போட்டுக் குடும்மா, எனக்கு நாக்கு ஊறுது” என்கிறார். அண்ணா, நான் போ