இரண்டு தடவை அடித்த ஹாரன்

அன்பு மகள் பிரேமலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, உன் தங்கை ரூபினி மூவரும் சுகமாகவும் நிம்மதியாகவும் இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை, சுகம் வரைக்கும் உண்மை. கூச்சிங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, இரவு வேலை முடிந்து பகலில் ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே பத்துப் பன்னிரண்டு நாளாக மழையும் பனிமூட்டமும்தான், காயப் போட்ட துணி எதுவும் காயவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய தைலம் தீரப்போகிறது, அவள் அதைக் காலில் தேய்ப்பதைவிட மோந்து பார்ப்பதுதான் அதிகம். தினமும் போனில் பேசுகிறவர் எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் உடனே பொய் சொல்லிவிடுவேன், ஒன்பது பள்ளி நாளாக அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் காகிதம். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

இந்த வருஷம் பள்ளி திறந்தபோது நீ சொன்னது நினைவிருக்கும். அப்பா அந்த ரோட்டுல பிக்கப்பெல்லாம் பறக்குது, ரூபினிய நடக்க விடாதீங்க, எமர்ஜென்சியில நான் பாக்குற பிள்ளைங்கள நீங்க பாத்ததில்ல என்றாய். நீ சொன்னது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். கோலா தெர்லா பக்கத்துக் காய்கறிக்காரர்கள் குறுக்கு வழி என்று நம் தோட்டத்து ரோட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து காலையில் அவர்கள் ஓட்டுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நானே ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிடுவேன். சரி என்று நானும் அவளைக் காடியில் ஏற்றிக் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். முதல் வாரம் நான் ஒருவன்தான். அப்புறம், ஆபீஸ்ல எழுதுற கிராணியே மகளக் காடியில கொண்டுபோய் விடுறாரு, நாம மட்டும் ஏன் நடக்க விடணும் என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் பேச்சு கிளம்பி, ஒரே மாதத்தில் பதினொரு காடி ஆகிவிட்டது. காடி இல்லாத ஆறு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நடந்தார்கள். எந்த ரோட்டுக்குப் பயந்தோமோ அந்த ரோட்டை நாங்களே நிரப்பி வைத்தோம், அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை.

நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும். கொழுந்து லோரி வளைவில் இறங்கும்போது இரண்டு தடவை ஹாரன் அடிக்கும், லோரி மலைச் சுவரை ஒட்டி வரும், நடக்கிறவர்கள் தேயிலைப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். பேசத் தெரியாத பிள்ளைகூட இதைத் தெரிந்துவைத்திருக்கும். போன வாரம் திங்கட்கிழமை காலை முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாத பனி. தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் வளைவில், யாராவது நடந்து போவார்களோ என்று நினைத்து நானும் இரண்டு தடவை அடித்தேன். முப்பது வருஷம் காதில் விழுந்த சத்தம், கை தானாக அடித்துவிட்டது. லோரிதான் வருகிறது என்று நினைத்து, நடந்து போன பிள்ளைகள் வழக்கப்படி தேயிலைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். மலைப் பக்கம் லோங்காங் வாய்க்கால் நிரம்பி ரோட்டில் தண்ணீர் வழிந்ததால் நானும் தேயிலைப் பக்கமே திருப்பினேன். பிரேக் பிடித்தது, காடி யார்மேலும் படவில்லை. ஆனால் மற்றவர்களுக்குப் பனியில் தெரியாதபடி கடைசியாக நின்ற ஷாமல், மருந்து தெளிக்கும் வேலை பார்க்கிற மகேனின் மகன், ரூபினியின் வகுப்புப் பையன், காடி தன்மேல் வருவதைப் பார்த்துச் சரிவில் குதித்துவிட்டான். வலது மணிக்கட்டு முறிந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே ஓடிவந்த மகேனிடம், ரோட்டுல வழுக்கிட்டான்பா, நல்லவேளை நான் பின்னால வந்தேன் என்று சொன்னேன். பிள்ளை என் முகத்தையே பார்த்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது பிரேமா.

ரூபினி அன்று என் பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். மறுநாள் காலை காடியில் ஏறவில்லை. நான் நடக்குறேன்பா என்றாள், அவ்வளவுதான், பையை மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகளோடு போய்விட்டாள். நான் அதட்டிக் கூப்பிடவில்லை. ஏழரைக்கு நீ போன் செய்து, தங்கச்சிய இறக்கி விட்டுட்டீங்களாப்பா என்று கேட்டபோது விட்டுட்டேன் என்றேன், அன்று தொடங்கியது இந்தப் பொய். ஒவ்வொரு காலையும் அவள் போனதிலிருந்து பள்ளி மணி அடிக்கிற நேரம் வரைக்கும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன், தூரத்தில் பிக்கப் சத்தம் கேட்டால் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். ஆபீஸில் ஒரே கடிதத்தை இரண்டு தடவை டைப் செய்து துரையிடம் பேச்சு வாங்கினேன்.

இன்று காலை பள்ளியில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் பேச ஆரம்பிக்கும் முன்பே எல்லோரும் பேசிவிட்டார்கள். ஷாமலப் பாருங்க, இதுக்குத்தான் பிள்ளைங்கள நடக்க விடக்கூடாதுங்கிறது என்றார்கள். திங்கள் முதல் அந்த ஆறு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு வேனில் போவது என்று முடிவானது. நடப்பதுதான் ஆபத்து என்பதற்கு என் காடிக்குத் தப்பிக் குதித்த பிள்ளையைச் சாட்சியாக நிறுத்துகிறார்கள், நான் அங்கே கொடுத்த வாழைப்பழப் பிசாங் கோரேங் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கிராணி மட்டும் பின்னால வரலன்னா பையன் கதி என்னா ஆயிருக்கும்லா என்று, தானும் பிள்ளையைக் காடியில் கொண்டுவந்து விடுகிற கந்தசாமி என் முதுகில் தட்டினார். வாயில் இருந்ததை விழுங்கவும் முடிந்தது, அதை நினைத்தால்தான் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மகேன் கடைசி வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் ரூபினி ஷாமலுக்காகப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், அவனால் பென்சில் பிடிக்க முடியாதல்லவா. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், அப்பா, ஷாமல் இன்னும் வீட்டுல சொல்லல, அது கிராணி சொல்ல வேண்டியது, அவரு சொல்லுவாருங்கிறான் என்று. இதுவரைக்கும் எழுதியதை அதற்கப்புறம்தான் எழுதினேன். இப்போது மணி நாலரை, கடிதத்தை இப்படியே வைத்துவிட்டு மகேன் வீட்டுக்குப் போகிறேன், போகாவிட்டால் இனிப் போகவே மாட்டேன்.

போய்விட்டு வந்தேன். மகேன் உட்காரச் சொன்னான், உட்காராமலே எல்லாம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம். எனக்கு அன்னிக்கே தெரியும் கிராணி, அந்த எடத்தப் போயி பாத்தேன், வழுக்கி விழுறவன் ரோட்டோரம் விழுவான், பத்தடி தள்ளி செடிக்குள்ள போயி விழ மாட்டான், இன்னிக்குக் கூட்டத்துல எழுந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். இனிப் பள்ளி நேரத்தில் என் காடி அந்த ரோட்டில் இறங்காது, பிள்ளைகளோடு நானே நடந்து வருகிறேன், ஷாமலை அனுப்பு என்றேன். அதற்கு அவன், நீங்க ஒரு காடிய நிறுத்திட்டீங்க, உங்களப் பாத்து வந்த பத்து காடிய யாரு நிறுத்துறது, அதுவரைக்கும் என் மகன் வேன்லதான் போவான், அவனுக்கு என்னமோ நடக்கத்தான் பிடிக்குது என்றான்.

நாளை ஞாயிறு. அந்தப் பத்து வீட்டுக்கும் போய் நான் செய்ததைச் சொல்லப்போகிறேன். முதலில் கந்தசாமி வீடு, அவரிடம் சொல்லிவிட்டால் நான் போவதற்குள் மற்ற ஒன்பது வீட்டுக்கும் சேதி போய்விடும். அம்மாவிடம் சொன்னேன், போயி பட வேண்டிய அவமானத்தப் பட்டுட்டு சாப்பாட்டுக்கு வந்துருங்க என்றாள். எத்தனை பேர் காடியை நிறுத்துவார்களோ தெரியாது, ஒருவர்கூட நிறுத்தாமல் போகலாம். திங்கட்கிழமை அந்த ரோட்டில் நானும் ரூபினியும் மட்டும்தான் நடப்போம் போலிருக்கிறது. எனக்குப் பயம் போகவில்லை, பிக்கப்காரனுக்கு நம் வழக்கமெல்லாம் தெரியாது. நீ வேண்டாம் என்றால் அதையும் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் அவளை எப்படி மறுபடி என் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதையும் நீயே சொல்.

நீ தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், கை தொட்ட பிள்ளைகளெல்லாம் பிழைத்து எழும்படி இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். மழைக்கோட்டை மறக்காதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. தீபாவளிக்கு வரும்போது நம் வீட்டுக்கு வருவதற்கு முன் மகேன் வீட்டில் இறங்கி ஷாமலின் கையைப் பிடித்துப் பார், விரலெல்லாம் சரியாக மடங்குகிறதா என்று உனக்குத்தான் தெரியும். நர்ஸ் வந்திருக்கிறேன் என்று போகாதே, காளியப்பன் மகள் வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போ.

இப்படிக்கு உன் அப்பா,
காளியப்பன்