தேதி, நேரம், இடம், வேண்டுகோள்

சுஹோப்ரொத்,
ஜூன் 9

அன்புள்ள மகள் விஹ்ராவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். கிளாஸ்கோவில் மழை விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே செர்ரி இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. என் முழங்கால் பழையபடிதான். அதற்காக நீ மருந்து ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

கணினி வாங்கியும் ஏன் காகிதம் என்று நீ கேட்பாய். மின்னஞ்சல் அலுவலகங்களுக்கு. மகளுக்குக் காகிதம்தான். அதில் நான் மாறப்போவதில்லை.

நம் மல்யுத்தக் கூடத்தை நகராட்சி திருப்பிக் கேட்கிறது. ஒரு சோபா வியாபாரிக்குக் கிடங்காக விடப்போகிறார்களாம். இந்தச் செப்டம்பரோடு கூடத்துக்கு ஐம்பது வயது. துணை மேயர் என்னைக் கூப்பிட்டுக் காபி கொடுத்து, "ஸ்தாமேன் அண்ணே, செப்டம்பர் முப்பதுக்குள்ள நாப்பது பிள்ளைங்க பேரைக் குடுங்க, கூடம் உங்களுக்கு. இல்லேன்னா சாவியை மேசையில வச்சுட்டுப் போயிடுங்க" என்றான். அந்தக் காபியை நான் தொடவில்லை.

வருவது பதினெட்டுப் பையன்கள். மற்றவர்கள் பெற்றோரோடு ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். நூலகத்து கின்கா இருக்கிறாளே, அவளிடம் போய்ப் புலம்பினேன். "பையனுங்கதான் இல்ல. பொண்ணுங்க ஊர் நிறைய இருக்காங்க அண்ணே. உங்க கண்ணுக்கு மட்டும் அவங்க என்னைக்குமே தெரிஞ்சதில்ல" என்றாள். அவளுக்கு வாய் அதிகம். ஆனால் பள்ளிக்கூடத்துச் சிறுமிகளின் நோட்டு அட்டைகளில் எல்லாம் பிலியானா ட்ரேவ்ஸ்காவின் படம் ஒட்டியிருப்பதை நானே பார்த்தேன். மல்யுத்தத்தில் ஐரோப்பிய சாம்பியன். அவள் ஒரு நாள் வந்து நம் பாயில் நின்றால் போதும், பெண்கள் பெயர் கொடுக்க வரிசையில் நிற்பார்கள் என்கிறாள் கின்கா.

ட்ரேவ்ஸ்காவிடம் நேராகப் பேச முடியாதாம். தலைநகர் சோபியாவில் கமேன் த்ராஷெவ் என்று ஒரு முகவர் இருக்கிறார். அவள் எங்கே வருவாள், எங்கே வரமாட்டாள் என்று தீர்மானிப்பது அவருடைய அலுவலகம். அங்கே மின்னஞ்சல் அனுப்பினால்தான் நடக்கும். அனுப்பினேன். ஒற்றை விரலால் மூன்று நாள் தட்டினேன். கூடத்தின் கூரை பனியில் இடிந்து விழுந்த கதை, பெஞ்சு செய்த தச்சனின் பெயர், செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை ஐம்பதாம் ஆண்டு விழா என்பது, முழு ஆட்டை நெருப்பில் வாட்டப்போவது, எங்கள் வீட்டு மாடி அறை பதினோரு வருஷமாகக் காலியாகச் சுத்தமாக இருப்பது, எல்லாம் எழுதினேன். என் ரத்த அழுத்தத்தைக்கூட விடவில்லை.

பதில் இரண்டே வரி. அழகான கடிதத்துக்கு நன்றியாம். எங்கள் விழா சிறக்க வாழ்த்துகளாம்.

அந்த அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்து ஒரு பிடி பிடித்தேன். ரலிட்சா என்று ஒரு பெண் எடுத்தாள். "தாத்தா, படிச்சு எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா எங்ககிட்ட என்ன கேக்குறீங்கன்னு எங்கேயும் எழுதலையே" என்றாள். கேட்பதா? நாளைச் சொன்னேன், ஆட்டைச் சொன்னேன், படுக்கையைச் சொன்னேன். பெயர் நாளுக்கு இந்த ஊரில் யாராவது யாரையாவது அழைத்ததுண்டா? புனித ஸ்தெபானின் நாள்தான் ஸ்தாமேன் என்ற பெயருக்கும் நாள்; அன்று என் வீட்டுக் கதவு திறந்திருக்கும், மனம் இருப்பவர்கள் வருவார்கள். வா என்று வாய்விட்டுக் கேட்டால், வரமாட்டேன் என்று சொல்ல வேண்டிய சங்கடத்தில் ஒரு மனிதரை நிறுத்துகிறோம் அல்லவா? இதை விளக்கினேன். அவள், "சோபியாவுல கேட்டாதான் வருவாங்க தாத்தா" என்றாள். பக்கத்தில் நின்ற உன் அம்மா சிரித்த சிரிப்பு அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும்.

நீ அங்கே ஓட்டலில் விழாக்கள் ஏற்பாடு செய்கிறாய், இந்த மாதிரி மின்னஞ்சல்கள் உனக்கு நாள்தோறும் வரும் என்று அம்மா சொல்கிறாள். உன்னிடம் நான் உதவி ஒன்றும் கேட்கவில்லை. நகல் இத்துடன் இருக்கிறது. பொழுது போகாவிட்டால் படித்துப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அப்பா,
ஸ்தாமேன்


ஜூலை 16

அன்பு விஹ்ரா,

உன் உறை வந்தது. மூன்று பக்கத்தில் நீ விட்டுவைத்தது ஒன்பது வரி. மீதி எல்லாம் சிவப்பு மை. ஓரத்தில் நீ எழுதியிருப்பதை அம்மா சத்தமாகப் படித்துக் காட்டினாள். "விஷயம்னு இருக்கற கட்டத்துல 'வணக்கம்'னு மட்டும் போட்டா யார்ப்பா திறந்து பாப்பாங்க?" "அவங்க வந்து என்ன செய்யணும்? எவ்வளவு நேரம்?" "கட்டணத்துக்கு வெக்கப்படாதீங்க, இருக்கறதைச் சொல்லுங்க." "முதல் வரியிலேயே கேளுங்க அப்பா. கேக்கறது பிச்சை இல்ல." இந்தக் கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.

நீ சொன்னது முழுவதும் எனக்குச் சம்மதமில்லை. நலம் விசாரிக்காமல் ஒரு கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது? ஆனாலும் எழுதினேன். விஷயக் கட்டத்தில் அவள் பெயர், நம் கூடத்தின் பெயர், செப்டம்பர் 26 சனி. முதல் வரியில் வேண்டுகோள். காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை, பாதி நேரம் பிள்ளைகளோடு பாயில், மீதி பேச்சும் படம் எடுப்பதும். சோபியாவிலிருந்து கார் அனுப்புகிறோம். கூடத்தை நடத்தும் எங்கள் சங்கத்தால் கொடுக்க முடிந்த தொகை இவ்வளவுதான், அது அவளுக்குப் போதாது என்று எங்களுக்கே தெரியும். ஆகஸ்ட் பதினைந்துக்குள் பதில் தெரிந்தால் நல்லது. நீ சிவப்பு மையால் இரண்டு முறை அடித்துவிட்ட ஆட்டை மட்டும் நான் திரும்பச் சேர்த்தேன்.

மறுநாளே பதில். ரலிட்சா தொலைபேசியிலும் கூப்பிட்டாள். "இப்பதான் தாத்தா எல்லாம் புரியுது. அந்த ஆட்டைப் பத்தி இன்னும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம், எங்க முதலாளி அதைத்தான் ரெண்டு தடவ படிச்சாரு" என்றாள். இதைக் குறித்து வைத்துக்கொள்.

ஆனால் ட்ரேவ்ஸ்கா ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். உங்கள் கூடத்தில் எத்தனை பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள்? அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் முடிவு சொல்வாளாம்.

நான்கு நாள் அந்தக் கணினியைத் திறக்கவில்லை. "சீக்கிரமே சேரப்போறாங்கன்னு போட்டுடுங்க அண்ணே, பொய்யும் இல்ல" என்றாள் கின்கா. உன் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "உள்ளதை எழுது மனுஷா. சாவி யார் கையில இருந்துச்சுன்னும் சேர்த்து எழுது" என்றாள்.

எழுதினேன். ஒருத்தியும் இல்லை, ஐம்பது வருஷத்தில் ஒருத்தியும் இருந்ததில்லை என்று. அப்படி விதி எதுவும் கிடையாது, சாவி என்னிடம் இருந்தது, அவ்வளவுதான் என்று. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இரவல் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க வாசலில் வந்து நின்றாள், உள்ளே பையன்கள் பயிற்சி முடித்துப் போகும்வரை நின்றாள், நான் திறக்கவில்லை என்று. நீ சொல்லிக்கொடுத்தபடி சுருக்கமாகத்தான் எழுதினேன்.

அந்த மின்னஞ்சலில் நகல் என்ற கட்டத்தில் உன் முகவரி இருக்கும். கை தவறிப் போட்டதில்லை.

அதைப் பற்றி இங்கே எழுத வேறு ஒன்றும் இல்லை. அம்மா செர்ரி ஜாம் மூன்று பாட்டில் கட்டிவைத்திருக்கிறாள். அங்கே யாராவது வந்தால் கொடுத்து அனுப்புவாளாம்.

அப்பா


ஆகஸ்ட் 20

என் மகளே விஹ்ரா,

வருகிறாள்! முகவரின் கையெழுத்தோடு உறுதிக் கடிதம் வந்துவிட்டது. கட்டணம் வேண்டாம், கார் மட்டும் போதும் என்றாளாம். அவள் சொன்னதை ரலிட்சா அப்படியே சொன்னாள்: "இந்த மாதிரி வாசல்ல நானும் நின்னிருக்கேன். ஆனா திறக்காதது நான்தான்னு யாரும் எனக்கு எழுதினதில்ல." ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்குப் பெண்களுக்குக் கதவைத் திறப்பது மேயர் இல்லை, நான்தான். மேயருக்கு முகம் சுருங்கிவிட்டது. அது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

கின்கா சுவரொட்டி அடித்து ரொட்டிக் கடையில் ஒட்டினாள். இதுவரை பதினான்கு பெண்கள். பதின்மூன்றாவது பெயர் யார் தெரியுமா? துணை மேயரின் மகள். அவன் என்னை வழியில் நிறுத்தி, "அண்ணே, பொண்ணு சாப்பிட மாட்டேன்னு உக்காந்துட்டா, வேற வழி இல்ல" என்றான். ஆக முப்பத்திரண்டு. இன்னும் எட்டுப் பெயர் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ட்ரேவ்ஸ்கா பாயில் நிற்கிற அன்று எட்டு என்ன, பதினெட்டே வரும். பையன்களின் அறையைப் பாதியாகத் தடுத்து பெண்களுக்கு உடைமாற்ற இடம் செய்துவிட்டேன். பலகையை நானே அறுத்தேன். முழங்காலைப் பற்றி அம்மா உனக்கு எழுதியிருந்தால் நம்பாதே.

ஜூலை மின்னஞ்சலின் நகல் உனக்குப் போய்ச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. நீ ஒன்றும் எழுதவில்லை. நான் குறை சொல்லவில்லை.

ஒன்று மட்டும். பதினோரு வருஷமாக என் பெயர் நாளில் மேசையில் ஒரு தட்டு அதிகமாக வைக்கிறோம். நாள் உனக்குத் தெரியும், வருவாய் என்று நினைத்தேன். வராதபோது உனக்கு மனம் இல்லை என்று நினைத்தேன், கோபத்தையும் வைத்துக்கொண்டேன். நீ இத்தனை வருஷமாக, கேட்டால் மட்டுமே ஆட்கள் வருகிற ஊரில் இருக்கிறாய் என்பது எனக்கு ரலிட்சா சொல்லித்தான் உறைத்தது. நான் கேட்டதே இல்லை.

அதனால் இப்போது கேட்கிறேன். செப்டம்பர் 26, சனிக்கிழமை, காலை பதினொன்று. இடம், நம் மல்யுத்தக் கூடம். விஹ்ரா ஸ்தாமேனோவா வர வேண்டும். பாயில் ஏற வேண்டும் என்றால் ஏறலாம், ஏறாவிட்டாலும் சரி. எவ்வளவு நேரம் என்பது உன் விருப்பம். கட்டணமாக ஆடும் மூன்று பாட்டில் ஜாமும் மாடி அறையும். உன் காலணி அளவு முப்பத்தெட்டு என்று அம்மா சொன்னாள். ஒரு ஜோடி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை இரவல் இல்லை.

பதிலுக்குக் கெடு போட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாய். அதை மட்டும் போடவில்லை. அன்று ஒன்பது மணியிலிருந்தே சாவியோடு வாசலில் நிற்பேன். மற்றவர்கள் எல்லாரும் உள்ளே போன பிறகும் நிற்பேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, என் கண்ணே.

உன் அப்பா