வள்ளத்துக்கு வாங்கிய சார்ஜர்

மட்டாஞ்சேரி,
ஐப்பசி 1964

என் தங்கக் குடம் அனந்தத்துக்கு அம்மா எழுதுவது. பகவதி கிருபையில் இங்கே எல்லோரும் வேளைக்குத் தின்று, வேளைக்கு உறங்கி, நடுவில் கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீ அந்த போபாலில் ஒழுங்காகச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்கு மனசு நிற்கும். உன் கடுதாசி வந்தது. ரெண்டே வருஷம் என்று சொல்லித்தானே உன்னை ஃபாக்டரி வேலைக்கு அனுப்பினோம், ரெண்டு வருஷமும் ஆயிற்று, திருச்சூர்க்காரர்களும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பெண் வேலையை விட்டாக வேண்டும் என்கிறார்கள், ராஜிநாமா எழுதிக் கொடுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். படித்தபோதே உன் எழுத்து எப்போதும் போல் நிமிர்ந்து நிற்காமல் துவண்டு கிடந்ததை நான் பார்க்காமல் இல்லை. அதற்குப் பதில் இதில் இருக்கிறது, ஆனால் முந்திரிக்கொட்டை மாதிரி கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. வள்ளத்துச் சமாசாரத்தை முதலில் படி, ரெண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கிறது.

ஆலப்புழையிலிருந்து அரிசி ஏற்றி வரும்போது காற்றில் ராந்தல் அணைந்துபோய், துறைமுகத்துக்குள் வந்த கப்பல் நம் வள்ளத்தை இடிக்காத குறையாகப் போயிற்று என்று ஆடியில் எழுதியிருந்தேனே, அதற்குப் பிறகுதான் உன் அப்பா பாட்டரி விளக்குப் போட்டார். விளக்கு ஜோராக எரிந்தது, ஆனால் பாட்டரி தீர்ந்தால் கைவண்டியில் ஏற்றி சார்ஜ் கடைக்கு அனுப்பிவிட்டு, கடைக்காரன் கண் திறக்கும்வரை வள்ளம் கரையில் கட்டுகிற கடவில் சும்மா கிடக்கும். நல்ல காற்று வீசும், பாய் விரிக்க முடியாது, வள்ளம் ஓட்டுகிற பரீதுக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வள்ளத்திலேயே ஒரு சார்ஜரைப் பொருத்திவிட்டால் கடவில் கட்டியதும் கிடங்கிலிருந்து ஒயரை இழுத்துச் சொருகினால் போதுமே என்று நீ எழுதினாய். எதை வாங்குவது என்பதில்தான் வீடு ரெண்டுபட்டது. எறணாகுளத்துக் கடையில் ஒரு பெரிசும் ஒரு சின்னதும் காட்டினார்கள். பெரிசு கண் மூடித் திறப்பதற்குள் பாட்டரியை ரொப்பிவிடும், சின்னதற்கு ராத்திரி முழுக்க வேண்டும் என்றார்களாம். வெங்கிட்டு சித்தப்பாவைத் தெரியுமே, பெரிசுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நீயோ, நம் பாட்டரியின் அளவுக்கு அவ்வளவு வேகமாகக் கரண்டு ஏற்றினால் சூடாகி உள்ளே தகடு கெட்டுப்போகும், சின்னதே போதும், உப்புக்காற்று புகாத மூடின பெட்டியாக இருக்கட்டும், பாட்டரியிலிருந்து ஆவி கிளம்பும், அதனால் அதற்கு மேலே வைக்காமல் தள்ளிப் பொருத்துங்கள் என்று எழுதினாய். கைக்குழந்தைக்கு அவசர அவசரமாகச் சோற்றைத் திணித்தால் கக்கிவிடும், அதே கதைதான் என்று நான் புரிந்துகொண்டேன். சித்தப்பாவுக்குப் புரியவில்லை. நேற்றுப் பிறந்த பொண்ணு, கடை வச்சிருக்கறவனைவிட அவளுக்குத் தெரிஞ்சுடுத்தோ என்று குதித்தார். உன் அப்பா வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை ஜெட்டிக்குப் போய் போட் ஏறினவர், சாயங்காலம் சின்னதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

அதைப் பொருத்தியது நவராத்திரிப் பூஜை வைப்புக்கு முந்தின நாள். வள்ளத்திலேயே பூஜை. பாய், சுக்கான், பாட்டரி, சார்ஜர் ஒன்றையும் விடாமல் உன் அப்பா சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவர் கை தாராளம் உனக்குத் தெரியாதா, வைத்தார் என்று சொல்வது தப்பு, அப்பினார். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்பதால் விஜயதசமி காலையில்தான் பரீதுக்கா கிளிப்பு ரெண்டையும் பாட்டரியில் மாட்டினார், அப்பா ஸ்விட்சைப் போட்டார். கரண்டு ஏறினால் பெட்டியிலிருக்கிற முள் நகரும் என்று எழுதியிருந்தாயே, அது கல்லாய்க் கிடந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், ஊஹும். இந்த நேரம் பார்த்துத் திருச்சூர்ப் பையனின் மாமா, உன் வேலை விஷயம் என்னாச்சு என்று முடிவு கேட்க வந்தவர், கடவுக்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பொண்குட்டிகள் மின்சாரம் படிச்சா இப்படித்தான், அடுக்களைக்கு வந்தா எல்லாம் சரியாயிடும் என்று ஒரு சிரிப்பு வேறு. நான் அப்பவே சொன்னேனோ இல்லியோ அண்ணா என்று சித்தப்பாவும் ஒத்து ஊதினார். உன் அப்பா முகம் சுண்டிப்போய்விட்டது. அடியே, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளாக அந்த வள்ளத்தில் கால் வைக்காதவள் நான். பாட்டரி மேல் வாடிக் கிடந்த பூஜைப் பூவையாவது எடுக்கலாம் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். பரீதுக்கா பதறி, அம்மா, சூக்ஷிச்சு, சூக்ஷிச்சு என்று பார்த்துக் கால் வைக்கச் சொல்லிக் கையை நீட்டினார். பூவை எடுத்தால், கிளிப்புக்கு அடியில் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. டார்ச் லைட்டில் துரு ஏறினால் எரியாதே, இங்கே சந்தனச் சுவரே எழுப்பியிருக்கிறாரே மனுஷர் என்று எனக்குப் பளிச்சென்று பட்டது. ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, கிளிப்பைக் கழற்றச் சொல்லி, வெந்நீரில் துணியை நனைத்துச் சுரண்டித் துடைத்து, ஈரம் போக இன்னொரு துணியாலும் துடைத்து மாட்டச் சொன்னேன். அப்பா ஸ்விட்சைத் தொட்டாரோ இல்லையோ, முள் விசுக்கென்று எழுந்தது. படச்சோனே, கேறியல்லோ என்று, கரண்டு ஏறியதைக் கண்டு பரீதுக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடவிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. குங்குமம் இனி பெட்டிக்கு மேலே ஒரு பொட்டுதான் என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பாயசம் கொடுத்தேன். மாமா ரெண்டு வாய் குடித்துவிட்டு, அப்போ ராஜிநாமா எப்போ என்று மறுபடி ஆரம்பித்தார். உன் அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். எங்காத்துப் பொண்ணு வேலையை விடமாட்டா, உங்க பையன் பாங்கிலேதானே இருக்கான், போபால்லயும் பாங்கு உண்டு, மாத்திண்டு போகச் சொல்லுங்கோ என்றார். நான் அசந்துபோய்விட்டேன். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியும் இந்த மனுஷரை எனக்கு முழுசாகத் தெரியவில்லை. மாமா மீதிப் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சம்பந்தம் வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது சித்தப்பாவும் தன் வள்ளத்துக்கு ஒன்று வாங்க வேண்டுமாம், எதை வாங்கலாம் என்று உன்னைத்தான் கேட்க வேண்டுமாம். கடைக்காரனைக் கேளுங்கோ என்று சொல்ல வாய் வரை வந்தது, பாவம் என்று விட்டுவிட்டேன்.

அங்கே பனி ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டர் போடாமல் ஷிஃப்டுக்குப் போகாதே. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே, தலைமுடி போனால் திரும்ப வராது. துலாவர்ஷ மழை தினம் சாயங்காலம் இடியோடு வருகிறது, அந்த மழையிலும் நம் வள்ளம் விளக்குப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கக் கடவில் போய் நிற்கிறேன், அப்பா திட்டுகிறார். நீ நீண்ட ஆயுசோடும் தேக பலத்தோடும் நாலு பேர் மெச்ச இருக்க வேண்டும் என்று ரெண்டு பேரும் மனசார ஆசீர்வாதம் பண்ணுகிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பெற்ற மனசு ஒரே மாதிரி இருக்காது. நாளைக்கே உன்னைப் பார்க்காமல் தாங்காமல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாடி என்று நானே அழுது எழுதினாலும், லீவு போட்டுவிட்டு வா. வேலையை விட்டுவிட்டு வராதே.

இப்படிக்கு, உன்னைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லித் தொண்டை கட்டிப்போன உன் அம்மா,
நீலாம்பாள்