தானாக ஆறிய இரும்பு

அண்ணா,

முந்தாநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ஆர்மை வெளியே இழுத்தேன். துரு வாடை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஜீப்பின் பின்சக்கரத்தை அடிச்சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் எஃகுக் கை அது. உங்கள் பட்டறையில் நீங்கள் வெல்டு வைத்தது, வால்பாறை வளைவில் இரண்டாக முறிந்தது. அன்றைக்கே பழைய இரும்புக்காரனிடம் போட்டிருக்கலாம். நீங்கள் சொன்ன ஒரு சொல்லுக்காக வைத்திருந்தேன்.

மலை ரோட்டுக்குத் தாங்கவேண்டும் என்று என் மகன் செந்தில் தடித்த ஷாக் அப்சார்பர் வாங்கி வந்திருந்தான். அதை மாட்ட ஆர்மில் துளை போட்டுத் தகடு பற்றவைக்க வேண்டும். "மாப்ள, ஆர்மோட முதுகுலயும் அடிவயித்துலயும் கை வெக்கப்படாது. பாரமெல்லாம் அங்கதான் வந்து இழுக்கும். பக்கவாட்டுல, நட்டநடுவுல ஓட்டை போடோணும். உள்ள ஒரு குழாயக் குடுத்துப் பத்தவெச்சா, போல்ட்ட முறுக்குனாலும் நசுங்காது" என்றீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கே விளங்கியது. அதுவரைக்கும் உங்கள் வேலையைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு மணியைப் பார்த்தீர்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ஆர்மை மாட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை வெளியே எடுக்க வேண்டும். வெல்டு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. வாளித் தண்ணீரைத் தூக்கி அதன்மேல் ஊற்றினீர்கள்.

"ஏனுங்ணா, தானா ஆறட்டும்னு நீங்கதான எல்லார்த்துக்கும் சொல்லுவீங்க?"

"அம்மிணி, நீ சூடத்தப் பொருத்து. இரும்பு என்ற பாடு."

பொருத்தினேன்.

எஸ்டேட் லைன் வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு செந்தில் மலை ஏறும்போதுதான் முறிந்தது. சக்கரம் மடங்கி வண்டி ஓரச்சுவரில் சாய்ந்தது. உயிர் போகவில்லை. ஒரு கிழவிக்குக் கை முறிந்தது. அதற்குப் பிறகு அவிநாசியில் நடந்த கல்யாணத்தில், பந்தியில் அத்தனை சொந்தமும் கேட்க நீங்கள் சொன்னீர்கள்: "என்ற வேலை சுத்தமுங்க. ஓட்டத் தெரியாதவங்கிட்ட வண்டி போனா இரும்பு என்னங்க பண்ணும்?" செந்தில் பாதி இலையில் எழுந்து போனான். அதோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பனியன் கம்பெனியில் மூட்டை கட்டும் வேலைக்குப் போனான். நான் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. உங்கள் சாவுக்கு வந்தேன், அழுதேன். அழுததும் நிஜம், மன்னிக்காமல் திரும்பியதும் நிஜம்.

இந்த வருஷம் நான்தான் அவனை விடாமல் பிடித்து இன்னொரு ஜீப் வாங்க வைத்தேன். அதற்கும் அதே வேலை.

"வேற பட்டறைக்குப் போலாங்ம்மா" என்றான்.

"உங்க மாமன் பட்டறையிலயேதான்" என்றேன்.

முறிந்த ஆர்மை, இப்போது பட்டறையை நடத்தும் உங்கள் மகனின் மேசையில் வைத்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"வெல்டு விடலீங்த்தை. அதுக்கு ஓரத்துல வெடிச்சிருக்குது. சூட்டுல தண்ணி பட்டா அந்த எடம் அப்பளமாட்ட ஆயிருமுங்க."

"ஊத்துனது ஆரு?"

தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா அவசரத்துக்கு ஊத்துவாருங்க."

"என்றகிட்ட எதுக்குச் சொல்றே? அவங்கிட்டச் சொல்லு."

திரும்பினான். "மச்சான், உங்க ஓட்டத்துல தப்பில்லீங்க."

செந்தில் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினான்.

வேலை நடந்தது. நடுவில் துளை, உள்ளே குழாய், தகட்டுக்கு நீளவாக்கில் வெல்டு. அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு கோடுகூட வைக்க விடவில்லை. முடிந்ததும் உங்கள் மகனும் மணியைப் பார்த்தான்.

"ராகு காலம் வந்துருமுங்த்தை."

"வரட்டும். அந்த ஸ்டூல்ல உக்காரச் சொல்லு. டீ வாங்கிக் குடு."

பட்டறையே சிரித்தது. வாளியைக் காலால் தள்ளிவிட்டு ஆர்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இரும்பு தானாக ஆறி, வெறுங்கையால் தொட முடிந்த பிறகுதான் மாட்ட விட்டேன். ராகு காலத்தின் நடுவில் செந்தில் வண்டியை வெளியே எடுத்தான்.

இன்று வால்பாறைக்குப் போனோம். முன்சீட்டைக் காட்டினான். நான் பின்னால், அந்த ஆர்முக்கு நேர் மேலே உட்கார்ந்தேன். ஆர்ம் முறிந்த அந்த வளைவு வந்தபோது அவன் கழுத்து வேர்த்தது. "போ கண்ணு" என்றேன், அவ்வளவுதான். ஏறிவிட்டோம். மேலே வண்டியை நிறுத்தக் கை காட்டிய லைன் வீட்டுப் பெண் ஒருத்தி, அவன் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கினாள்.

"அந்த வண்டிக்காரர்தானே நீங்க?"

"அவனேதான். நான் பெத்தவ. என்ற கெழட்டு எலும்பையே இதுல ஏத்தியிருக்கறன், உனக்கென்ன? ஏறு."

கொஞ்சம் யோசித்தாள். ஏறினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள்.

முதுகில் வேண்டாம், வயிற்றில் வேண்டாம், நடுவில் போடு என்ற உங்கள் பேச்சு எனக்கு மறக்காது. பந்தியில் சொன்னதும் மறக்காது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் இன்று மலை ஏறினேன். வண்டி தாங்கியது, அண்ணா.